ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி? சக்கையும் கருப்பட்டியும் தெரிந்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வாட்ஸப் குழுக்களில் ஓயாமல் சுற்றும் பட்டியல் ஒன்று உண்டு. ஒன் என்பது ஒன்றிலிருந்து வந்தது, எய்ட் எட்டிலிருந்து, கேஷ் காசிலிருந்து, ரைஸ் அரிசியிலிருந்து, காட் கட்டிலிலிருந்து என்று வரிசையாகப் போகும். கடைசியில் 'பெருமையோடு பகிருங்கள்' என்று ஒரு வரி. இதை அப்படியே நம்புகிறவர்கள் ஒரு பக்கம், மொத்தமும் புளுகு என்று தள்ளுகிறவர்கள் மறுபக்கம். இரண்டுமே சோம்பேறித்தனம். பட்டியலில் சில சொற்கள் உண்மையாகவே நம் கரையிலிருந்து கப்பலேறியவை. சில பாதி உண்மை. மற்றவை காதுக்கு ஒன்றுபோலக் கேட்டதால் ஒட்டவைத்தவை. எது எந்த வகை என்று வீட்டிலிருந்தே சோதித்துவிடலாம். ஒரு போனும் நோட்டும் போதும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வேலை கொஞ்சம் லேசு. பலாப்பழத்தைச் சக்கை என்றும் மரவள்ளியை மரச்சீனி என்றும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்த மண் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஒரே பேச்சுக்குள் தமிழும் மலையாளமும் வந்துபோகும். போர்ச்சுக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொற்களில் பலவும் இந்தப் பேச்சுக்கு மிக நெருக்கமானவை. சென்னையில் இருப்பவர் அகராதியில் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியது, மார்த்தாண்டம் சந்தையில் காதிலேயே விழும்.

கையில் வேண்டியவை

ஆங்கிலச் சொல் வரலாற்றுக்கு ஆக்ஸ்போர்டு பேரகராதிதான் கடைசித் தீர்ப்பு; ஆனால் இணையத்தில் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். தொடங்குவதற்கு எடிமான்லைன் தளம் போதும், இலவசம். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு யூல், பர்னல் இருவரும் 1886-ல் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதி. இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய பயணிகள் எழுதிய வரிகளை ஆண்டுவாரியாக அடுக்கியிருப்பார்கள். அந்த வரிகள்தான் நமக்குச் சாட்சி. திராவிட மொழிகளுக்கு பரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, 1984 திருத்தப் பதிப்பு. இவற்றோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். கடைசி மூன்றும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் காசில்லாமல் திறக்கும். மலையாளத்துக்கு குண்டர்ட் 1872-ல் வெளியிட்ட அகராதி.

யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியான விக்சனரியைப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அங்கே கிடைப்பதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தச் சொல் என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு மூன்று தனிச் சொற்கள் ஒளிந்திருக்கும். மாறாமலையில் விளைகிற கிராம்புக்கு ஆங்கிலத்தில் க்ளோவ். பூண்டுப் பல்லுக்கும் க்ளோவ்தான். கிராம்பின் க்ளோவ் பழைய பிரெஞ்சில் 'க்ளூ', லத்தீனில் 'க்ளாவுஸ்', அதாவது ஆணி. காய்ந்த கிராம்பை விரலில் எடுத்துப் பாருங்கள், தலையும் உடலுமாக ஆணியேதான். பூண்டின் க்ளோவோ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வேறு சொல். பிளத்தல் என்ற பொருளுள்ள க்ளீவ் என்பதன் உறவு. இரண்டையும் கலந்துவிட்டால் மேற்கொண்டு தேடுவதெல்லாம் வீண்.

பட்டியலின் நாயகனான கேஷ் விஷயமும் இதுவே. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பிரெஞ்சு 'கேஸ்', இத்தாலிய 'காஸா', அதற்கு முன் லத்தீன் 'காப்ஸா' என்று போகிறது. எல்லாவற்றுக்கும் பொருள் பெட்டி. பணப்பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. இதில் தமிழுக்கு இடமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் இருக்கிறது: ஆசியாவில் புழங்கிய சில்லறைச் செப்புக் காசுக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர். அது நம் காசுதான். போர்ச்சுக்கீசியர் அதைக் காதில் கேட்டு, தங்கள் மொழியில் பெட்டிக்கு இருந்த 'கைஷா' என்ற சொல்லைப் போலவே எழுதிவைத்தார்கள். ஆங்கிலத்தில் அது ஏற்கெனவே இருந்த கேஷோடு சேர்ந்துகொண்டது. வீட்டுப் பெரியவர்களின் பெட்டியில் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் செப்புக் காசு கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்பது அந்தக் காலக் கணக்கு. அந்த நாணயத்தை ஆங்கிலத்தில் கேஷ் என்று சொன்னால் அது தமிழ்ச் சொல். ஏடிஎம்மில் எடுக்கிற கேஷ் அல்ல.

ஆகவே நோட்டில் முதல் வரியாக, சொல்லை மட்டும் எழுதாமல் எந்தப் பொருளில் தேடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 2: எந்த வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது?

அடுத்து, அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் முதன்முதலில் எப்போது தென்படுகிறது என்று பாருங்கள். அந்த ஆண்டு தெரிந்தால் வாசல் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆங்கிலோ சாக்சன் காலத்திலிருந்தே இருப்பது ஜெர்மானியக் குடும்பத்துச் சொத்து. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நுழைந்தவற்றில் பெரும்பகுதி பிரெஞ்சு. 16ஆம் நூற்றாண்டுக்கு மேல் திடீரென முளைத்து, மரம், கப்பல், துணி, சாப்பாடு என்று பேசுகிற சொல்லானால் கடல்வழி வந்ததோ என்று சந்தேகிக்கலாம்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் விஞ்ஞானிகள் உருவாக்கிய சொற்கள் தனி வகை. இவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கும். யார், எப்போது, ஏன் வைத்தார் என்று தெரிந்தால் வேலை முடிந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்புங்கள். கறுப்பாக மின்னுவது இல்மனைட். ரஷ்யாவின் யூரல் பகுதியில் உள்ள இல்மென் மலையின் பெயர். சிவப்பாக இருப்பது கார்னெட். லத்தீனில் மாதுளைக்கு இருந்த 'கிரானாட்டும்' என்ற பெயரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மஞ்சள் கலந்த பழுப்புப் பொடி மோனசைட். 1829-ல் பிரைட்ஹாப்ட் என்ற ஜெர்மானியர், தனித்திருத்தல் என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வைத்த பெயர், படிகங்கள் தனித்தனியாகக் கிடைத்ததால். அதற்குள் இருக்கும் தோரியத்தின் பெயர் ஸ்காண்டிநேவிய இடிக்கடவுள் தோரிடமிருந்து. இந்த மணலில் மோனசைட் இருப்பதையே 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். மண் நம்முடையது, பெயரில் ஒன்றுகூட நம்முடையது இல்லை.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இன்னொன்று ரப்பர். கீரிப்பாறை, குலசேகரம் பக்கம் தோட்டம் தோட்டமாக நிற்கிற மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் சொல் சுத்தமான ஆங்கிலம்: தேய்ப்பது. பென்சில் கோட்டை அழிக்க இது உதவும் என்று 1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதினார். அழிப்பானின் பெயர் பாலுக்கும் மரத்துக்கும் பரவியது.

படி 3: ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும்

மொத்த வேலையில் முக்கியமான இடம் இது. ஆங்கிலத்திலிருந்து நேரே தமிழுக்கோ சமஸ்கிருதத்துக்கோ தாவாதீர்கள். ஒவ்வொரு மொழியிலும் கால் வைத்து, அங்கே சொல் எப்படி இருந்தது, யாரிடம் வாங்கினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. சுகர் என்ற சொல்லை எடுத்து முழுதாகச் செய்து காட்டுகிறேன்.

ஆங்கிலத்தில் சுகர் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்படுகிறது. அதாவது பிரெஞ்சு வாசல். பழைய பிரெஞ்சில் 'சூக்ர'. அதற்கு முன் இடைக்கால லத்தீன் 'சுக்காரும்'. அது அரபியின் 'சுக்கர்'. அரபிக்காரர்கள் பாரசீகத்தின் 'ஷகர்' என்பதிலிருந்து எடுத்தார்கள். பாரசீகத்துக்குப் போனது இந்தியாவிலிருந்து. சமஸ்கிருதத்தில் 'சர்க்கரா', பிராகிருதத்தில் 'சக்கரா'. சர்க்கராவின் முதற்பொருள் இனிப்பே அல்ல, பருக்கைக் கல், சரளை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கியதும் பருக்கை பருக்கையாக உதிர்ந்ததால் அந்தப் பெயர் அதற்கு வந்தது.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் கருப்பட்டியைப் பாருங்கள். அக்கானியை, அதாவது பதநீரைக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்ததை அம்மியில் தட்டி உடைத்தால், உடைந்த முகத்தில் மணல்போலப் பொடிப்பருக்கை தெரியும், நாக்கில் நறநறக்கும். பனங்கற்கண்டில் பெயரிலேயே கல் இருக்கிறது.

இப்போது கருப்பட்டிக்கும் வெல்லத்துக்கும் ஆங்கிலத்தில் சொல்கிற ஜாகரியை எடுங்கள். இது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆங்கிலத்தில் வருகிறது. ஆகவே கடல் வாசல். போர்ச்சுக்கீசியத்தில் 'ஜாகரா'. அவர்கள் கேட்டது மலையாளக் கரையில் 'சக்கர' என்று. அதன் வேர் மறுபடியும் அதே சர்க்கரா. அதாவது சுகரும் ஜாகரியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பாரசீகம், அரபு, இத்தாலி, பிரான்ஸ் என்று நிலமும் கடலுமாகச் சுற்றி வந்தது, இன்னொன்று முந்நூறு வருடம் கழித்து நேராகக் கப்பலில் போனது. மூன்றாவது பிள்ளையும் உண்டு. கிரேக்கர்கள் தனியாக வாங்கி 'சாக்கரோன்' என்றார்கள், லத்தீனில் 'சாக்கரும்' ஆனது. 1879-ல் கண்டுபிடித்த செயற்கை இனிப்புக்கு சாக்கரின் என்று வைத்த பெயர் அந்த வழியில் வந்தது.

ஒரே சொல் இரண்டு வழியில் வந்து சேர்வது ஆங்கிலத்தில் சகஜம். எனவே ஒரு வழி கிடைத்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள்.

படி 4: ஒலி ஒத்துவருகிறதா?

ஒலி ஒற்றுமை என்றால் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது அல்ல. ஒரு மாற்றம் ஒரு சொல்லில் நடந்தால், அதே வழியில் வந்த மற்றொரு சொல்லிலும் நடந்திருக்க வேண்டும். சக்கர, ஜாகரா ஆன கதையில் 'ச்ச' என்ற ஒலி 'ஜ' ஆகியிருக்கிறது. தற்செயலா? சக்கையைப் பார்த்தால் தெரியும். வருக்கை, கூழன் என்று எந்த ரகமானாலும், நாம் சக்கை என்கிற பழத்துக்கு மலையாளத்தில் 'சக்க'. போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் கோவாவில் அச்சிட்ட மருந்துநூலில் அதை 'ஜாக்கா' என்கிறார். அதே மாற்றம், அதே வழி. ஆங்கிலத்தில் ஜாக், பிறகு ஜாக்ஃப்ரூட். ஜாக் என்ற வெள்ளைக்காரனுக்கும் பழத்துக்கும் எந்த ஒட்டும் இல்லை. 1678 முதல் வெளிவந்த டச்சுக்காரர் வான் ரீடின் மலபார்ச் செடிநூலில் மரத்தின் பெயர் 'ச்சக்கமரம்' என்றே இருக்கிறது, டச்சு எழுத்துக்கூட்டலில். பலாமரம் என்ற தமிழ்ப் பெயர் மட்டும் தெரிந்தவருக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிடிபடவே பிடிபடாது.

இங்கே ஒரு சோதனை சொல்கிறேன், என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. உண்மையான உறவானால், பின்னால் போகப் போக இரண்டு சொல்லும் நெருங்கி வரும். போலி உறவானால், பின்னால் போகப் போக விலகும். ஜாக், ஜாக்கா, சக்க: நெருங்குகிறது. சரி, இப்போது ஒன். இன்றைக்கு 'வன்' என்று சொல்வதால் ஒன்று என்பதுபோல் கேட்கிறது. ஆனால் அந்த வகர ஒலி இடைக்காலத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டது. அலோன், ஒன்லி என்ற சொற்களில் அது இல்லாததைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஆன்', கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் 'ஐன்ஸ்', லத்தீனில் 'ஊனுஸ்'. இந்தப் பக்கம் ஒன்று என்பதன் அடி ஒரு, ஓர். விலகுகிறது. எய்ட்டும் அப்படியே: பழைய ஆங்கிலம் 'எஆஹ்தா', லத்தீன் 'ஆக்டோ', சமஸ்கிருதம் 'அஷ்ட' என்று அது ஒரு குடும்பம், எட்டு, எண் என்று நம்முடையது வேறு குடும்பம்.

மாறாக, காதுக்குக் கொஞ்சமும் ஒட்டாத சொற்கள் உறவாக இருக்கும். ஃபுட் என்ற ஆங்கிலக் காலும் பாதம் என்று நாம் வடமொழியிலிருந்து எடுத்த சொல்லும் ஒரே வேர். ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் தாயான மூலமொழியின் பகரம் ஜெர்மானியத்தில் ஃபகரம் ஆகும் என்பது 1822-ல் யாக்கோப் கிரிம் வகுத்த விதி. ஃபாதருக்கு லத்தீனில் 'பாட்டர்', ஃபிஷ்ஷுக்கு 'பிஸ்கிஸ்' என்று வரிசையாகப் பொருந்தும். அகராதியில் ஒரு சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டிருந்தால், அது எங்கும் எழுதப்பட்டுக் கிடைத்த சொல் இல்லை, இப்படி விதிகளை வைத்துக் கணக்கிட்டது என்று பொருள்.

விதி எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ககரமாக இருந்தது சுகரில் ஏன் கடைசியில் மெலிந்து ஜி ஆனது என்பதற்கு ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்களிடமே நல்ல பதில் இல்லை. சங்கிலியின் மற்றக் கண்ணிகள் உறுதியாக இருந்தால், இப்படி ஒன்றைக் கேள்விக்குறியோடு விட்டுவிடலாம்.

படி 5: பொருளும் பாதையும்

ஒலி சரியாக வந்தாலும் சரக்கு போன பாதை வேண்டும். யார் யாரிடம் விற்றார்கள், எந்தத் துறைமுகத்தில்? 1498-க்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் இறங்கியது கோழிக்கோடு, கொச்சி என்று மேற்குக் கரையில். அதனால்தான் டீக் (தேக்கு), அரேக்கா (பாக்கு), பீட்டல் (வெற்றிலை) போன்றவற்றுக்கு அகராதிகள் மலையாளம் என்று எழுதுகின்றன. தேக்கு தமிழ் இல்லையா என்று கோபப்பட வேண்டாம். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல். எந்தக் கரையில் காதில் விழுந்தது என்பதையே அகராதி சொல்கிறது. கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் நேரடியாக எடுத்தவை தமிழ் என்றே பதிவாகியிருக்கின்றன. கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697-ல் எழுதியபோது சோழமண்டலக் கரையில் இதற்குப் பெயர் காட்டமரான் என்று இடத்தோடு குறிக்கிறார். சுருட்டு, செரூட் ஆனதும் மிளகுத்தண்ணீர், மல்லிகட்டானி ஆனதும் அந்தப் பக்கத்துக் கதைகள்தாம். இரண்டு கரையும் முட்டுகிற இடத்தில் நாம் இருப்பதால் இரண்டையும் சரிபார்க்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

பாதையைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்தால் மரச்சீனியில் வழுக்கி விழுவோம். மயினி (அண்ணி) அவித்துத் தருகிற மரச்சீனியைவிட நம்மூர்த்தனமான சாப்பாடு ஏது? ஆனால் டாப்பியோக்கா என்ற சொல் பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. கிழங்கும் அந்தக் கண்டத்துக்காரன்தான்; 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் அதைப் பரப்பினார்.

பொருள் வழியிலேயே இடம் மாறுவதும் உண்டு. பெப்பர் என்பது பழைய ஆங்கிலத்தில் 'பிப்பர்', லத்தீனில் 'பீப்பர்', கிரேக்கத்தில் 'பெப்பெரி', சமஸ்கிருதத்தில் 'பிப்பலி'. பிப்பலி நம் திப்பிலி, மிளகு அல்ல. முதலில் அறிமுகமான காரத்தின் பெயர் பின்னால் வந்த மிளகுக்கு ஒட்டிக்கொண்டது.

படி 6: எங்கே நிறுத்துவது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கே. சான்று முடிகிற இடத்தில் ஆசை தொடங்கும். ரைஸ் என்பது பழைய பிரெஞ்சு 'ரீஸ்', இத்தாலிய 'ரீசோ', லத்தீன் 'ஒரீசா', கிரேக்க 'ஒரூசா' வரை உறுதி. அதற்கு மேலே அரிசி என்று கால்டுவெல் கருதினார். பிற்கால ஆய்வாளர் பலர் கிழக்கு ஈரானிய மொழிகள் வழியாக, 'வ்ரீஹி' என்ற சமஸ்கிருதச் சொல்லோடு இணைக்கிறார்கள். தீர்ப்பு வரவில்லை. நோட்டில் கிரேக்கத்தோடு கோடு போட்டு, மேலே இரண்டு கருத்தையும் கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

காட் வேறு மாதிரி. இந்தி 'காட்', சமஸ்கிருத 'கட்வா' வரை சந்தேகமே இல்லை. கட்வா திராவிட மொழியிலிருந்து, கட்டில் என்ற சொல்லின் குடும்பத்திலிருந்து போனது என்பதை பரோ போன்றவர்கள் ஏற்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன ஐந்து வாட்ஸப் சொற்களில் இது மட்டும் தேறுகிறது, அதுவும் சுற்றி வளைத்து.

ஜிஞ்சர் இன்னும் சுவாரசியம். பழைய ஆங்கிலம் 'ஜிஞ்சிஃபர்', லத்தீன் 'ஜிங்கிபெரி', கிரேக்கம் 'ஜிங்கிபெரிஸ்', பாலி 'சிங்கிவேர', சமஸ்கிருதம் 'ச்ருங்கவேர'. ச்ருங்கம் என்றால் கொம்பு. கொம்புபோன்ற உடல் உள்ளது என்று பண்டிதர்கள் விளக்கம் சொன்னார்கள். இஞ்சியைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய அறிஞர்கள் இஞ்சி, வேர் என்ற இரண்டு திராவிடச் சொற்களைத்தான் அடியில் காண்கிறார்கள். கொம்பு என்பது பிறகு பொருத்திய கதை. காதுக்கு ஒத்ததை வைத்து வேர் சொல்கிற பழக்கம் வாட்ஸப்பில் தொடங்கியதில்லை என்று இதிலிருந்து தெரியும்.

நோட்டில் எழுதும் முறை

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே ஆங்கிலச் சொல்லும் பொருளும். கீழே படிக்கு ஒரு வரியாக மொழி, வடிவம், அந்த வடிவம் கிடைக்கும் மிகப் பழைய காலம், பொருள், எந்த அகராதி சொன்னது என்று எழுதுங்கள். இரண்டு அகராதிகள் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, சாட்சி வரிகள் அதிகமாகத் தருவதற்கு ஒரு குறி போடுங்கள். காலம் முன்பின்னாக வந்தால், அதாவது வாங்கியவன் மொழியில் 1300, கொடுத்தவன் மொழியில் 1500 என்று இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு மை. கொடுத்தவன் மொழியில் பழைய ஏடு அழிந்துபோயிருக்கலாம், அல்லது திசையே தலைகீழாக இருக்கலாம்.

பழகுவதற்கு முதலில் காயர் எடுங்கள். கதம்பல், அதாவது தேங்காய் மட்டை ஊறப்போட்டுக் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு வேர் தெரியும். போர்ச்சுக்கீசிய வடிவத்தையும் முதல் ஆங்கில வரியையும் தேடினால் போதும். அடுத்து கோப்ரா என்கிற கொப்பரை, அது கொஞ்சம் வடக்கே போகும். பிறகு டீக், அரேக்கா. கை பழகியபின் ஆரஞ்சுக்கு வாருங்கள். சமஸ்கிருதம் நாரங்கம், பாரசீகம் நாரங்க், அரபு நாரஞ்ச் வரை முன்னால் நகரம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வரும்போது காணோம். அது விழுந்தது இத்தாலியிலா பிரான்சிலா, எந்தச் சிறு சொல் அதை விழுங்கியது என்பதை எடிமான்லைனில் பார்ப்பதற்கு முன் நோட்டில் ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு திறந்து பாருங்கள்.